அன்பு மைத்துனரும் ஆவார்

மில்லிக்கன்
16 மார்ச் 2024

பெருமதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் மச்சாளுக்கு,

போனில் என்னை அடைத்துவிட்டீர். வாட்ஸ்அப்பிலும் அடைத்துவிட்டீர். தபால்காரனை அடைக்கிற வித்தையை ஒட்டாவாவில் இன்னும் கண்டுபிடிக்கவில்லைப் போல, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளின் எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியும்.

முதலில் மன்னிப்பு. அஜக்ஸில் என் அண்ணை டெனிஸ்டன் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்கு நான் தந்த பரிசு பகிடிக்குத்தான். பளபளத் தாள் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டி, உள்ளே குளியலறைச் சுவரில் பூட்டுகிற பிடிகம்பி. "உங்கட கந்தோருக்கு இதைத் தர இருபத்தொரு மாசம் காணாது, கடைக்காரன் அஞ்சு நிமிசத்தில தந்திட்டான்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சனம் சிரித்தது. நீர் சிரிக்கவில்லை. வான்கோழி வெட்ட முதலே காரை எடுத்துக்கொண்டு ஒட்டாவாவுக்கு ஓடிவிட்டீர். கம்பியும் உம்மோடு போய்விட்டது.

பகிடி பிழை. சொன்ன விசயம் பிழையில்லை.

லென் அண்ணை போய்விட்டார். போனில் தகவல் விட்டேன். கேட்டீரோ, கேட்காமல் அழித்தீரோ தெரியாது. உம்முடைய அண்ணை மரியரட்ணம் கண்மூடின பிறகு ஒன்பது வருடம் என் பேஸ்மென்ற்றில் குடியிருந்த மனிதன். கனடாப் பட்டாளத்தோடு சைப்பிரசுக்குப் போய் முழங்காலையும் காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதன். கடைசி மூன்று வருடம் கண்ணும் நடுவில் மங்கிப்போய், என்னைப் பார்ப்பதற்கு முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார். "என்ன லென் அண்ணை, என்னோட கோவமோ?" என்று கேட்பேன். தமிழ் விளங்காமலே சிரிப்பார்.

ஜனவரி பதினொன்று, வியாழக்கிழமை. விடிய ரேக்கவுட் கடைக்கு வெங்காயம் வெட்டப் போன நான், இரண்டு மணிக்குப் பிட்டுப் பார்சலோடு படியிறங்கினேன். குளியல் தொட்டிக்குள் கிடந்தார். தண்ணீர் ஆறியிருந்தது. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

தொட்டியை எடுத்துவிட்டு, தாண்டாமல் நடந்து போய்க் குளிக்கிற மாதிரிச் செய்து, கம்பி பூட்டித் தாருங்கள் என்று உங்கள் படைவீரர் ஆதரவு ஆணையத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தவர். நான் கம்பி வாங்கி வந்தபோதும் பூட்ட விடவில்லை. "நாங்களே செய்தால் தேவையில்லை என்று மூடிவிடுவார்கள், பேர்ணி. அவர்கள் வருவார்கள்" என்றார். அதனால்தான் அந்தக் கம்பி உமக்குப் பரிசாக வந்தது.

செத்தவீட்டுக்கு முறைப்படி மரண அறிவித்தல் போட்டேன். தமிழ்க்கடைக் கதவுகளில் ஒட்டி, இணையத்திலும் போட்டது. எங்கள் எம்.பி.யின் கந்தோரில் வாகீசன் என்று ஒருவர் இருக்கிறார், தொந்தியும் வழுக்கையுமாக. விடிந்தால் அவருக்கு முதல் வேலை மரண அறிவித்தல் வாசிப்பது. எந்தச் செத்தவீட்டுக்கு எம்.பி.யைக் கூட்டிப் போகலாம் என்று பார்க்க. "முன்னாள் கனடியப் படைவீரர்" என்று கண்டதும் பூச்செண்டோடு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். லென் அண்ணை எதற்காகக் காத்திருந்தார் என்று சொன்னேன். எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுத்தில் கேள்வி போட்டார்: இப்படிக் காத்திருந்து எத்தனை பேர் செத்தார்கள்?

நேற்று வாகீசன் கடைக்கு வந்தார்.

"அக்கா, மறுமொழி வந்திட்டுது."

"என்னவாம்?"

"ரொறன்ரோப் பக்கத்தில தீர்மானத்துக்குக் காத்திருந்து செத்தவை ஒருத்தரும் இல்லையாம்."

"அப்ப நான் குழியில தாட்டது ஆரை?"

"அது மட்டுமில்லை. கூட வந்த கடிதத்தில ஆற்ற கையெழுத்து எண்டு பாருங்கோ."

பார்த்தேன். பதினாலு வயதில் என்னிடம் வந்திறங்கி, என் சமையலறை மேசையில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து. இங்கிலிசில் போட்டதால் ஷாவன்னா இல்லாவிட்டாலும் வளைவு அதேதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. லென் அண்ணையைக் கணக்கில் சேரும். ஒருவரும் இல்லை என்ற இடத்தில் ஒருவர் என்று எழுதும். அதற்கு மேல் வேண்டாம்.

உம்முடைய
பேர்ணடெற்


ஒட்டாவா
25 மார்ச் 2024

மச்சாள்,

இதை வீட்டிலிருந்து, என் சொந்தத் தாளில், என் சொந்த நேரத்தில் எழுதுகிறேன். அதைக்கூடக் குறிப்பிட வேண்டிய நிலைமை எனக்கு வந்துவிட்டது. தயவுசெய்து தொலைபேசியில் எடுக்க வேண்டாம். யாரோடு எப்போது கதைத்தேன் என்று இப்போது கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

காரணம் நீங்கள் போட்ட அறிவித்தல். அதை எனக்கு முன்னால் மேசையில் வைத்திருக்கிறார்கள். "அன்னார், பேர்ணடெற் மரியரட்ணத்தின் பாசமிகு அண்ணரும், செலீனின் அன்பு மாமாவும், ஷாமிலா (பணிப்பாளர் நாயகம், படைவீரர் ஆதரவு ஆணையம், ஒட்டாவா) அவர்களின் அன்பு மைத்துனரும் ஆவார்." சென்ற வாரம் உங்கள் உறுப்பினர் இதைச் சபையில் உயர்த்திப் பிடித்தார். "இறந்தவர் ஒருவரும் இல்லை என்று எழுதிய அதிகாரியின் மைத்துனரே இறந்திருக்கிறார்" என்றார். ஒரு பக்கம் மேசையில் தட்டினார்கள். மறு பக்கம் அமைச்சர் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார்.

இறந்தவர் எனக்கு உறவினர் என்றால், அந்த விடயத்தில் நான் கை வைத்திருக்கவே கூடாது. உறவினர் இல்லை என்றால், ஏன் என் பெயர் அங்கே இருக்கிறது? இதற்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறேன்: எந்த உறவும் இல்லை. மைத்துனர் என்று ஏன் போட்டீர்கள்? என் பதவியை ஏன் போட்டீர்கள்? உடனே அகற்றுங்கள்.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, பகிடிதான் பண்ணுவீர்கள். ஆணையத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாற்பத்தைந்து நாளில் மறுமொழி போக வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் சட்டத்தரணிகள் பார்ப்பார்கள். அமைச்சர் எழுந்து நிற்கும்போது எதிர்பாராத எதுவும் வந்து அவர் முகத்தில் அடிக்கக் கூடாது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

லென் கோல்வெல் அவர்களின் கோப்பை நான் திறக்கவில்லை. நீங்கள் எத்தனை தடவை கேட்டும் திறக்கவில்லை. தெரிந்தவர்களின் கோப்பைத் திறந்தால் அன்றோடு என் வேலை போகும். பொது விதியை மட்டும் சொல்கிறேன். ஆணையம் ஒரு விண்ணப்பதாரருக்குக் கடிதம் எழுதி, அறுபது நாளில் பதில் வராவிட்டால் கோப்பு மூடப்படும். மூடிய கோப்பு தீர்மானத்துக்குக் காத்திருக்கும் கோப்பு ஆகாது. ஆகவே நாங்கள் அனுப்பிய மறுமொழி சரியானது.

வாகீசனோடு இனிக் கதைக்க வேண்டாம்.

ஷாமிலா

பி.கு. நான் அவரை ஒரே ஒரு தடவைதான் கண்டேன். முந்திய ஒரு ஈஸ்டருக்கு உங்கள் சமையலறையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று நீங்கள் சொன்னதும், மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அவர் அன்று வேதனைப்பட்டாரா?


மில்லிக்கன்
1 ஏப்ரல் 2024, ஈஸ்டருக்கு அடுத்த நாள்

மச்சாள்,

இன்று முட்டாள்கள் தினமாம். கடையில் பெடியள் உப்புப் போத்தலுக்குள் சீனி போட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய பகிடி உம்முடைய கடிதம்.

மைத்துனர் எப்படி வந்தது என்று கேட்டீர். கேளும். அறிவித்தல் அடிக்கிற மனிதன் போனில் கேட்டார்: "அக்கா, அன்னார் ஆற்ற மகன்?" தெரியாது. "ஆற்ற கணவர்?" கட்டவில்லை. "சரி, ஆருடைய ஆர் எண்டாவது சொல்லுங்கோ. வெறுமனே விட்டால் அநாதைப் பிணம் மாதிரியெல்லோ இருக்கும்." அந்தச் சொல் எனக்குச் சுட்டுவிட்டது. "என்ர அண்ணை எண்டு போடுங்கோ" என்றேன். ஒன்பது வருடம் என் கையால் தின்ற மனிதன் எனக்கு அண்ணை இல்லாமல் ஆர்? என் அண்ணை என்றால் என் மகள் செலீனுக்கு மாமா. உமக்கு மச்சான். டெனிஸ்டன் உமக்கு மச்சான் என்றால் லென்னும் மச்சான்தான். முறையை நான் கண்டுபிடிக்கவில்லை.

பதவியைப் போட்டது வேறு காரணம். சொல்ல வெட்கம். இரண்டு வரி அறிவித்தலில் அந்த மனிதனுக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. உம்முடைய பதவி ஒன்றுதான் என்னிடம் இருந்த பெரிய சொல். அதை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன். சவத்துக்கு வாங்கின கோட்டு மாதிரி.

அகற்றமாட்டேன். கடைக் கதவில் இருந்ததை மழை அகற்றிவிட்டது.

மற்றது, அறுபது நாள். என்ன கடிதம்? ஒரு கடிதமும் வரவில்லை. அவருக்கு வருகிற கடிதமெல்லாம் என் கையால்தான் போகும். கண் தெரியாத மனிதனுக்குக் கடிதம் போட்டோம் என்று சொல்வதற்கு முதலில் கடிதம் போட வேண்டும் அல்லவா? வாகீசனோடு கதைக்க வேண்டாம் என்று எழுதினீர். நீர் எழுதாவிட்டால் கதைத்திருக்கமாட்டேன். உம்முடைய கடிதம் வந்த அன்றே போய்ச் சொன்னேன். அவர் இங்கிலிசில் எழுதி வாசித்துக் காட்டினார்: "எந்தக் கடிதமும் என் வீட்டுக்கு வரவில்லை." கையெழுத்து வைத்தேன். இனி நாடாளுமன்றக் குழு உங்கள் ஆட்களை மேசைக்குக் கூப்பிடுமாம்.

வேதனைப்பட்டாரா என்று கேட்டீர். டொக்டர் இல்லை என்றார். டொக்டர்மார் எல்லாருக்கும் அப்படித்தானே சொல்வார்கள். தொட்டியின் வெளி விளிம்பில் விரல் அடையாளம் இருந்தது. நான்தான் துடைத்தேன்.

பேர்ணடெற்


ஒட்டாவா
19 ஏப்ரல் 2024

மச்சாள்,

மே ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நிலைக்குழுவுக்கு முன்னால் நான் தோன்ற வேண்டும். வழக்கமாக நான் பின்வரிசையில் இருந்து ஆணையாளருக்குத் துண்டுச் சீட்டு நீட்டுகிறவள். இம்முறை ஆணையாளர் வரவில்லை. "உமது கையெழுத்து, நீர் போம்" என்றார்.

நீங்கள் கையெழுத்து வைத்த தாள் எங்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் உறுப்பினர் அதை அங்கே வாசிப்பார்.

இப்போது நான் சொல்வதைக் கோபம் இல்லாமல் வாசியுங்கள். குழு கேட்டதால் கோப்பின் சுருக்கத்தை எங்கள் சட்டத்தரணி எடுத்துப் பார்த்துவிட்டார். 2023 ஒக்ரோபர் இருபதாம் தேதி ஒரு கடிதம் அனுப்பப்பட்டதாக அதில் இருக்கிறது. டிசம்பர் பத்தொன்பதில் கோப்பு மூடப்பட்டது. நத்தாருக்கு நீங்கள் எனக்கு அந்தப் பரிசைத் தந்தபோது, மூடி ஆறு நாள். உங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

கடிதம் போகவில்லை என்றால் பிழை முழுவதும் எங்களுடையது. நான் பொய்யான மறுமொழியில் கையெழுத்து வைத்தவள் ஆவேன். இந்தப் பதவியில் இருக்க முடியாது. கடிதம் போயிருந்தால், நீங்கள் நாடாளுமன்றத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்தவர் ஆவீர்கள். எங்கள் சட்டத்தரணி இரண்டாவதை விரும்புகிறார். "அந்தப் பெண்மணி எப்படிப்பட்டவர்?" என்று என்னிடம் கேட்டார். பகிடிக்காரி, ஆனால் பொய் சொல்லமாட்டா என்றேன்.

வீட்டை ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். எனக்காக இல்லை. தேடிவிட்டு, இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்புவேன்.

ஷாமிலா


மில்லிக்கன்
1 மே 2024
எக்ஸ்பிரஸ் தபாலில்

ஷாமிலா,

தேடினேன். மெத்தைக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பின்னால், மரியரட்ணத்தின் பழைய சூட்கேசுக்குள். இல்லை. இல்லை என்று உமக்கு எழுதி, கடித உறையும் ஒட்டிவிட்டேன். அந்த உறை இன்னும் இங்கே கிடக்கிறது.

இன்று மே முதலாம் தேதி. மாதாவின் மாதம். ஒவ்வொரு வருடமும் போல மடுமாதா சுரூபத்தை இறக்கித் துடைத்து, புதுத் துணி விரிக்கலாம் என்று தூக்கினேன். அடியில் இருந்தது.

இப்போதுதான் எல்லாம் ஞாபகம் வருகிறது. லென் அண்ணை தபால் பெட்டிக் கடிதங்களை வழக்கம்போல என் கையில் தந்தார். செலீன் கல்கரிக்குப் போன பிறகு இங்கிலிஸ் கடிதம் வாசிக்க இந்த வீட்டில் ஆளில்லை. பில் என்றால் நிறத்தில் தெரியும், விளம்பரம் என்றால் பளபளப்பில் தெரியும். இதில் மேலே உங்கள் ஆணையத்தின் முத்திரை. எங்கள் ஷாமிலாவின் கந்தோரிலிருந்து கெட்டது வருமோ என்று நினைத்தேன். நல்லபடியாக முடியட்டும் என்று மாதாவுக்குக் கீழே வைத்தேன். நீர் கனடா வருகிறதற்கு வந்த கடிதமும் அங்கேதான் இருந்தது. செலீனின் யூனிவர்சிட்டிக் கடிதமும் அங்கேதான். எல்லாம் சரிவந்தது. "குட் லெட்டர், லென் அண்ணை, மதர் இஸ் லுக்கிங்" என்று சொன்னேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு கடை, குளிர், நத்தார். மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் சரியில்லை. மாதா பார்க்கிறா என்று விட்டுவிட்டேன்.

இன்று மருந்துக்கடை ஜெனாட்டிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்டேன். அவள் வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, பாத்ரூமை மாத்திக் குடுக்கச் சம்மதமாம். வீட்டுச் சொந்தக்காரரின்ர கையெழுத்து மட்டும் வேணுமாம். அறுபது நாளுக்குள்ள. ஆர் அக்கா வீட்டுச் சொந்தக்காரர்?"

"நான்தான் பிள்ளை" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கதிரை தந்தாள்.

எத்தனையோ இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன், ஷாமிலா. வாகீசனின் தாளில் வைத்தேன். செத்தவீட்டுக்காரரின் தாளில் மூன்று இடத்தில் வைத்தேன். இதில் வைக்கவில்லை. உம்மைக் கொலைகாரி என்று சொல்லாத குறையாக மூன்று மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். கொலை என் சாமித்தட்டில் இருந்தது.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதுகிற இதையும் சேர்த்துக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டும். படிக்காத மனிசி, கடிதத்தைச் சாமிக்குக் கீழே வைத்துவிட்டாள் என்று சொல்லும். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். உம்முடைய வேலை நிற்கும். லென் அண்ணையைக் கணக்கில் சேர்க்கச் சொன்னதை நான் திருப்பி எடுக்கிறேன். அவரைக் காத்திருக்க வைத்தது நான்.

பகிடி ஒன்றும் வருகுதில்லை.

பேர்ணடெற்


ஒட்டாவா
11 மே 2024

மச்சாள்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் சட்டத்தரணி படியில் வைத்துக் கேட்டார்: "ஏதாவது கிடைத்ததா?" பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியேறினேன். அவர் நான் பயத்தில் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

உங்கள் உறுப்பினர் நீங்கள் கையெழுத்து வைத்த தாளை வாசித்தார். "ஒரு கடிதமும் வரவில்லை. அப்படியிருக்க, ஒருவரும் இறக்கவில்லை என்று எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டார். பையைத் திறந்தால் போதும். ஒரு நிமிடத்தில் அவர் வாயடைத்துப் போவார், வாகீசன் வேலையிழப்பார், அமைச்சரின் ஆட்கள் எனக்குக் கை கொடுப்பார்கள். என் கை பையின் பூட்டில்தான் இருந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இது நீங்கள் கடிதத்தைக் கண்டுபிடிக்க முன்பே நடந்தது. என் உதவியாளர் எழுதிய முதல் வரைவில் ஒரு அடிக்குறிப்பு இருந்தது: "பதில் இன்மையால் மூடப்பட்ட கோப்புகள் இதில் சேர்க்கப்படவில்லை." ஒரே ஒரு வரி. அதை நீக்கியது நான். யாரும் நீக்கச் சொல்லவில்லை. அது இருந்தால் அடுத்த கேள்வி வரும், அடுத்த கேள்வி வந்தால் அமைச்சர் சங்கடப்படுவார் என்று நீக்கினேன். அது என் கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. உங்கள் மேசையில் எழுதிப் பழகிய கைதான்.

ஏப்ரலில் உங்களுக்குக் கடிதம் எழுதிய பிறகு, அந்த அடிக்குறிப்புக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். மூடிய பிறகு ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள், ரொறன்ரோவில் மட்டும், நாற்பத்தொரு பேர். அவர்களில் எத்தனை பேரின் வீட்டில் மாதா இருந்தா, எத்தனை பேரின் வீட்டில் வாசிக்க ஆளே இல்லை என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே நான் சொன்னது இதுதான். கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாளில் இருப்பது பிழை. எழுதிக் கொடுத்தவர் அறிந்து பொய் சொல்லவில்லை. பொய் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை, மச்சாள், உங்களுக்காகக்கூட. பிறகு சொன்னேன்: கண் தெரியாத ஒருவருக்குச் சின்ன எழுத்தில் கடிதம் போட்டோம். நாங்கள் பத்தொன்பது மாதம் எடுத்தோம், அவருக்கு அறுபது நாள் கொடுத்தோம். எங்கள் மறுமொழியைத் திருத்த அனுமதி கேட்கிறேன். ஒருவரும் இல்லை என்பது நாற்பத்தொன்று.

பின்வரிசையில் பேனைகள் எழுதுவது நின்றுபோனது கேட்டது. உங்களுக்கு அது விளங்காது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

கடைசியாக, அரசாங்கப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக் கேட்டார்: "இறந்தவர் உங்கள் மைத்துனர் அல்ல, அப்படித்தானே?" எழுத்தில் ஏற்கெனவே கொடுத்த மறுமொழி என் முன்னால் இருந்தது. எந்த உறவும் இல்லை. அதைத் திரும்பச் சொன்னால் போதும். எனக்கு லென் அன்று உங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதுதான் கண்ணில் நின்றது.

"சட்டப்படி இல்லை. என்னை வளர்த்த வீட்டில் அவர் அண்ணை. அந்த முறையில், ஓம், மைத்துனர்" என்றேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். "ஓய்வு எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நாளுக்கு என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, திருப்பி அனுப்புகிறேன். கொலை என்று எழுதிய இடத்தை வெட்டிவிடுங்கள். அல்லது என் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தக் கம்பி இன்னும் என் கார் டிக்கியில்தான் கிடக்கிறது. ரிபனோடு. ஜனவரி பதினொன்றாம் தேதியும் அங்கேதான் கிடந்தது.

ஷாமிலா


மில்லிக்கன்
27 டிசம்பர் 2024

மச்சாள்,

தபால்காரரின் வேலைநிறுத்தம் முடிந்து பத்து நாள்தான். சொல்ல இருந்ததெல்லாம் பெட்டியில் முட்டிப்போய்க் கிடந்தது. போனில் சொல்லலாமே என்பீர். இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். ஏனென்று கடைசியில் தெரியும்.

மியூசியக் களஞ்சியத்தில் பழைய படைக்காரரின் கடிதங்களை அடுக்குகிற புது வேலை எப்படி? கதவில் பெயர்ப்பலகை இல்லையாம், செலீன் சொன்னாள். பரவாயில்லை. பெயர்ப்பலகை இருந்த காலத்திலும் நீர் கதவைத் திறந்தது இல்லை.

ஓகஸ்டில் வந்து நீர் பூட்டிவிட்டுப் போன கம்பியில் நான் துவாய் காயப்போடுகிறேன். சரிவாகத்தான் பூட்டியிருக்கிறீர். படிப்பாளி பூட்டினால் அப்படித்தான் இருக்கும். பேஸ்மென்ற்றை இன்னும் வாடகைக்கு விடவில்லை. யூனியன்வில்லிலிருந்து ஒரு சோடி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் தொட்டியைத் தட்டிப் பார்த்து "நல்ல ஆழம்" என்றாள். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வாகீசன் இப்போது என்னைக் கண்டால் கடைக்குப் பின்வழியால் போகிறார். போன கிழமை மறித்துப் பிடித்து, "ஏன் தம்பி, கொத்துரொட்டிக்கும் என்னோட கோவமோ?" என்றேன். மனிதன் சிரித்துவிட்டார். இரண்டு பார்சல் வாங்கினார்.

நூலகத்தில் திங்கட்கிழமைகளில் இங்கிலிஸ் வகுப்புக்குப் போகிறேன் என்று உமக்குச் சொல்லவில்லை. பகிடி பண்ணுவீர் என்று பயம். வகுப்பில் நான்தான் சத்தம் கூட. வாத்தியார் றெபேக்கா எனக்கு இரண்டு தடவை விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டாள்.

இனி விசயம். இன்று தபாலில் லென் அண்ணைக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே உங்கள் பழைய கந்தோரின் முத்திரை. கை மாதாவின் பக்கம்தான் போனது, பொய் சொல்லமாட்டேன். பிறகு மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து வாசித்தேன். ஒன்றே கால் மணித்தியாலம். மூன்று சொல்லுக்கு மட்டும் செலீனுக்குப் போன் எடுத்தேன்.

மூடின நாற்பத்தொரு பைலையும் திரும்பத் திறந்திருக்கிறார்களாம். "அன்புள்ள திரு. கோல்வெல், உங்கள் விண்ணப்பம் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. அறுபது நாளுக்குள் பதில் அனுப்பவும்."

கதிரையிலேயே இருந்தேன். அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை; இரண்டும் கொஞ்சம் வந்தது. செத்த மனிதனுக்கு எழுதுகிறார்கள், மச்சாள். மெசின் எழுதுகிறது என்பாள் செலீன். எதுவாக இருந்தாலும், அவர் காத்திருந்தார் என்று அவர்களே கைப்பட ஒத்துக்கொண்டார்கள். அதைத்தானே உம்மிடம் கேட்டேன்.

இந்த முறை ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. கூட வந்த படிவத்தில், வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில், இங்கிலிசில், என் கையால் எழுதினேன்: ஜனவரி 11 செத்துவிட்டார். காத்திருந்து. கீழே இன்னொரு கட்டம் இருந்தது, இதை நிரப்புபவர் அவருக்கு என்ன உறவு என்று. தங்கச்சி என்று போட்டேன். வேறு உறவினர் இருந்தால் பெயர் தரவும் என்றிருந்தது. உம்முடைய பெயரைப் போட்டேன். பதவி ஒன்றும் எழுதவில்லை. உமக்குத்தான் இப்போது இல்லையே. மைத்துனி, ஒட்டாவா. அவ்வளவுதான்.

இந்தக் கடிதமும் அந்தக் கடிதமும் ஒரே பெட்டியில்தான் விழப்போகிறது; அதற்காகத்தான் போன் எடுக்காமல் எழுதினேன். உண்மையோ என்று விசாரிக்க ஆள் வந்தால் முழிக்கவேண்டாம். நீர் ஏற்கெனவே நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டீர்.

பேர்ணடெற்